கூம்பின் நுனி

பங்குனி மாத மதியம் ஆயக்குடியில் 36 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 353 மீட்டர் ஓடும். தெற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் பழனி மலைத்தொடரின் மேலே, கொடைக்கானலில் மார்கழி இரவில் 10 டிகிரி குளிர் இருந்தால் அதே ஒலி 337 மீட்டர்தான் ஓடும். மலைமேல் காற்று அடர்த்தி குறைவாக இருப்பது இதற்குக் காரணமில்லை. ஒலியின் வேகத்தைக் காற்றின் வெப்பம் தீர்மானிக்கிறது. அழுத்தத்தால் அதில் மாற்றம் வருவதில்லை. ஒரே டெனர் சாக்ஸபோனை இந்த இரண்டு இடத்திலும் எடுத்து, ஊதிச் சூடாக்காமல் வாசித்தால், சுருதி ஏறக்குறைய முக்கால் அரைச்சுர அளவுக்கு வேறுபடும். வாசிப்பவரின் மூச்சு குழாயைச் சூடேற்றுவதால் நடைமுறையில் வித்தியாசம் இதைவிடக் குறையும். ஆனாலும் காது உள்ளவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கில் பித்தளை எங்கேயும் வரவில்லை. சாக்ஸபோனில் அதிர்ந்து ஒலிப்பது உள்ளே அடைபட்ட காற்று. பித்தளை அந்தக் காற்றுக்கு ஒரு வடிவம் கொடுக்கிறது, அவ்வளவுதான். பழைய டெனர் சிறந்ததா, புதிய டெனர் சிறந்ததா என்று உலகம் முழுக்க நடக்கும் நீண்ட வாதத்தில் முதலில் நினைவில் வைக்க வேண்டியது இது. 1954 முதல் 1970களின் நடுப்பகுதி வரை பாரிஸ் செல்மர் நிறுவனம் செய்த மார்க் சிக்ஸ் டெனருக்கு இன்று பல லட்சம் ரூபாய் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். அந்த விலை எதற்கு? பழைய உலோகத்துக்கா, பழைய வடிவத்துக்கா, பழைய பெயருக்கா?

வடிவத்திலிருந்தே தொடங்குவோம். பெல்ஜியத்தின் தினான் நகரில் 1814-இல் பிறந்த அடால்ஃப் சாக்ஸ், 1846-இல் பாரிஸில் இந்தக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கிளாரினெட்டைப் போல ஒற்றை ரீடு, ஆனால் உள்ளே நேர்க்குழாய்க்குப் பதில் போகப்போக விரியும் கூம்பு. இந்த ஒரு மாற்றம் எல்லாவற்றையும் மாற்றியது. ஒரு முனை அடைத்த நேர்க்குழாயில் அடிப்படை அதிர்வெண்ணின் ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே வலுவாக எழும். அதனால் கிளாரினெட்டில் அடுத்த நிலைக்குத் தாவினால் சுரம் ஒரு ஸ்தாயியையும் தாண்டிப் பஞ்சமத்தில் போய் நிற்கும். கூம்பில் எல்லா மடங்குகளும் எழுகின்றன. தாவினால் சரியாக மேல் ஸ்தாயி சட்ஜம். கீழே விரல் வைத்த முறை மேலேயும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் இந்தக் கூம்பை யாரும் சாக்ஸிடமிருந்து கற்கவில்லை. திண்டுக்கல் சாலையில் நடந்துவரும் பாதயாத்திரைக் காவடிகள் ஆயக்குடியைத் தாண்டித்தான் பழனிக்குள் நுழைகின்றன. அவற்றோடு வரும் நாகஸ்வரமும் ஒரு கூம்புதான். ஆச்சா மரத்தைக் கடைந்து உள்ளே கூம்பாகத் துளைத்த உலவு, கீழே அணசு, மேலே கெண்டை, அதன்மேல் சீவாளி. சாக்ஸபோனில் ஒற்றை ரீடு, இங்கே சீவாளியின் இரண்டு இதழ். இயற்பியலின் கண்ணில் இரண்டும் ஒரே குடும்பம்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பொதுவான சிக்கல் உண்டு. முழுக் கூம்பு என்றால் அதன் நுனி ஒரு புள்ளியில் முடிய வேண்டும். புள்ளிக்குள் ஊத முடியாது. ஆகவே கருவி செய்பவர் நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ரீடைப் பொருத்துகிறார். டெனர் சாக்ஸபோனின் நெக் (மவுத்பீஸை மாட்டும் வளைந்த மேல்குழாய்) தொடங்கும் இடத்தில் உள்விட்டம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். அங்கிருந்து கூம்பின் சரிவை அப்படியே மேலே நீட்டினால், கற்பனை நுனி இன்னும் ஒரு சாண் தொலைவில் இருக்கும். வெட்டப்பட்ட அந்த ஒரு சாண் கூம்புக்குள் எவ்வளவு காற்று இருந்திருக்குமோ, அதே அளவு கொள்ளளவு மவுத்பீஸுக்குள் இருக்க வேண்டும். ரீடு அசைவதால் கூடும் கொள்ளளவையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் காற்றுத்தூண் முழுக்கூம்பாக நடந்துகொள்ளும். அதன் ஒத்ததிர்வுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சீராக அடுக்கில் நிற்கும். கொள்ளளவு பிசகினால் கீழ் ஸ்தாயிக்கும் மேல் ஸ்தாயிக்கும் உள்ள இடைவெளி விலகும். நாகஸ்வரத்தில் கெண்டையும் சீவாளியும் செய்யும் வேலை இதுதான். வித்வான்கள் சீவாளிகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு, ஒன்று மாற்றி ஒன்று பொருத்திப் பார்ப்பதில் ஆழ்ந்த அறிவியல் இருக்கிறது.

பழைய டெனர்களைப் பற்றிய குறைகளில் பெரும்பகுதி இந்த இடத்தில் பிறக்கிறது. 1920களிலும் 30களிலும் செய்த டெனர்கள், உள்ளே உருண்டையாகக் குடைந்த பெரிய அறை கொண்ட மவுத்பீஸை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பிறகு பெரிய இசைக்குழுக்களின் சத்தத்தையும், அதன்பின் மின்கிடாரின் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டிய நிலை வந்தது. மவுத்பீஸின் அறை சிறிதானது. உள்ளே தளம் ரீடை நோக்கி உயர்ந்தது. ஒலியின் மேலதிர்வுகள் கூர்மையாகின. அப்படிப்பட்ட இன்றைய மவுத்பீஸை எண்பது வயது தாண்டிய டெனரில் மாட்டி ஊதிவிட்டு, ‘பழைய கருவியில் சுருதி நிற்காது’ என்று தீர்ப்பு சொல்வது அந்தக் கருவிக்கு அநியாயம். அதன் கூம்புக்குப் பொருந்தும் நுனியை அதற்குக் கொடுக்கவில்லை.

உலோகத்தின் கதைக்கு வருவோம். மார்க் சிக்ஸ் பித்தளை, போரில் சுட்ட பீரங்கிக் குண்டுகளின் உறையை உருக்கியது என்று ஒரு கதை நிலவுகிறது. மாதாகோயில் மணிகளை உருக்கியது என்று இன்னொன்று. இரண்டாவதை எளிதாகத் தள்ளிவிடலாம். மணி வார்க்கும் வெண்கலத்தில் ஐந்தில் ஒரு பங்கு தகரம் இருக்கும்; தட்டினால் கணீரென்று ஒலிக்கும், தகடாக அடித்தால் உடையும். அதில் சாக்ஸபோன் செய்ய முடியாது. குண்டு உறையின் கலவை எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். அன்றும் இன்றும் எந்த ஆலையிலும் கிடைக்கும் சாதாரணப் பித்தளை அது. அதற்குள் தனியாக எந்த மாயமும் இல்லை.

பொருளால் ஒலி மாறுமா என்பதை நேரடியாகச் சோதித்தவர் ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர். வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் உள்ளளவு ஒன்றேயான புல்லாங்குழல்களைச் செய்து, திரைக்குப் பின்னால் வாசிக்கச் செய்தார். கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. எது எது என்று தெரியாதபடி கையில் கொடுத்தபோது வாசித்தவர்களாலும் முடியவில்லை. 1971-இல் அதை வெளியிட்டார். சாக்ஸபோனுக்கு வரலாறே ஒரு சோதனை நடத்தியது. 1950-இல் இங்கிலாந்தில் கிராஃப்டன் என்ற வெள்ளை பிளாஸ்டிக் ஆல்டோ சாக்ஸபோன் சந்தைக்கு வந்தது. 1953 மே மாதம் டொரன்டோவின் மாசி ஹாலில் ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கர் வாசித்தது அந்தப் பிளாஸ்டிக் கருவியைத்தான். அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு இன்றும் ஜாஸ் ரசிகர்களின் பொக்கிஷம். பித்தளை இல்லாமலேயே அவர் பார்க்கராகத்தான் ஒலித்தார்.

மண்டபத்தில் கேட்பவர்கள் உலோகத்துக்குச் சூட்டும் பெருமையெல்லாம் உண்மையில் அதன் உள்ளளவுக்குச் சேர வேண்டியது என்பது என் முடிவு. துவாரத்தின் விளிம்பு, மூடி எவ்வளவு உயரம் திறக்கிறது, நெக் எந்த வேகத்தில் விரிகிறது என்ற பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்குகளில்தான் ஒரு கருவியின் குணம் ஒளிந்திருக்கிறது. நெக்கில் ஏற்படும் சிறு மாற்றம் ஒலியில் மிகப் பெரிதாகத் தெரியும். கூம்பின் ஒடுங்கிய பகுதியில் கொஞ்சம் கொள்ளளவு கூடினாலும் விகிதத்தில் அது அதிகம்.

பழைய கருவி வாங்குபவர்கள் விழக்கூடிய குழி ஒன்று உண்டு. இன்று மேற்கத்திய இசையில் நடுத் தைவதத்தின் அதிர்வெண் 440. 1939-இல் லண்டன் மாநாடு இதை முன்மொழிந்தது. உலகமே ஒத்துக்கொள்ள இன்னும் காலம் பிடித்தது. அதற்கு முன் ராணுவ பேண்டுகளில் உயர்சுருதி என்ற பழக்கம் இருந்தது. அமெரிக்காவில் அது 457 வரை போனது. அந்தக் கால சாக்ஸபோன்களில் உயர்சுருதிக்கு ஒரு முத்திரை, தாழ்சுருதிக்கு ஒரு முத்திரை என்று உடலில் குத்தியிருப்பார்கள்.

உயர்சுருதிக் கருவியில் மவுத்பீஸைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் சுருதி இறங்கிவிடாதா என்று தோன்றும். இறங்கும்; சுரவரிசையும் சேர்ந்து குலையும். டெனரின் அடிச்சுரம் 104 ஹெர்ட்ஸ். அதற்குக் காற்றுத்தூணின் நீளம் ஏறக்குறைய 165 சென்டிமீட்டர். எந்த விரலும் அழுத்தாதபோது ஒலிக்கும் சுரம் 247 ஹெர்ட்ஸ். அதற்கு ஏறக்குறைய 69 சென்டிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர் இழுத்தால் முதல் சுரம் 1.2 சதவீதம் இறங்கும், இரண்டாவது சுரம் ஏறக்குறைய 2.9 சதவீதம் இறங்கும். ஒன்று அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு நகர, மற்றது பாதி நகர்ந்துவிடும். துளைகள் ஒரு சுருதிக்காக இடப்பட்டுவிட்டால் மவுத்பீஸால் அந்தக் கணக்கைத் திருத்த முடியாது. நாகஸ்வரத்தில் இதற்கு அழகான தீர்வு வைத்தார்கள். விரல் வைக்கும் ஏழு துளைகளுக்குக் கீழே இன்னும் சில துளைகள் இருக்கும். அவற்றை மெழுகால் கொஞ்சம் அடைத்தோ திறந்தோ சுருதியைத் திருத்தலாம்.

இதுவரை சொன்னது அளவுகோலில் அடங்கும். இனி வருவது கையிலும் உதட்டிலும் தெரிவது. பழைய டெனர்களில் சுரம் வளையும், புதியதில் சுரம் அதன் இடத்திலேயே நிற்கும் என்று இரண்டையும் வாசித்தவர்கள் பரவலாகச் சொல்கிறார்கள். இதற்கு ஆர்தர் பெனேட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வகுத்த விளக்கம் பொருந்துகிறது. ரீடு ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் காற்றுத்தூணுக்கு ஒரு சிறு தள்ளு கிடைக்கிறது. ஊஞ்சலை ஆட்டுவது போல அது சரியான நேரத்தில் விழ வேண்டும். காற்றுத்தூணின் இரண்டாம், மூன்றாம் ஒத்ததிர்வுகள் அடிப்படைச் சுரத்தின் சரியான மடங்குகளில் இருந்தால், அவை எல்லாம் ஒன்றுகூடி ரீடை ஒரே தாளத்துக்குக் கட்டுப்படுத்தும். சுரம் உறுதியாக, கணீரென்று வரும். உதட்டால் வளைப்பது கடினம். மடங்குகள் கொஞ்சம் விலகியிருந்தால் அந்தக் கட்டு தளரும். சுரம் மென்மையாக, சற்றுப் புகை படிந்தது போல வரும். உதடு சொன்னபடி நகரும்.

கணினியில் கூம்பை வடிவமைத்து, அச்சு மாறாமல் ஆயிரக்கணக்கில் செய்யும் இன்றைய ஜப்பானிய, தைவான் ஆலைகள் இந்த மடங்குகளை மிக நெருக்கமாக அடுக்கிவிடுகின்றன. பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும் பேண்டு செட்டுக்கு அது வரம். ஆனால் கமகம் வேண்டுகிற இசைக்கு? தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை. அது ஓர் அசைவு. குழல் வாசிப்பவரும் நாகஸ்வரம் வாசிப்பவரும் துளையின்மேல் விரலையே வைப்பதால் பாதி மூடலாம், தேய்க்கலாம், வழுக்கலாம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே கீயும் தோல் வைத்த பேடும் குறுக்கிடுகின்றன. மீதி வேலை முழுவதும் உதட்டுக்கும் மூச்சுக்கும் போகிறது.

அந்த வேலையைச் செய்து காட்டியவர் கத்ரி கோபால்நாத். 1949-இல் தென்கன்னடத்தில் பிறந்தவர். தந்தை நாகஸ்வர வித்வான். மகனும் முதலில் கற்றது நாகஸ்வரமே. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன்மேல் மனம் போயிற்று. சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்றார். 1994-இல் வெளிவந்த ‘டூயட்’ படத்தில் ஏ.ஆர். ரகுமானின் இசையில் அவர் வாசித்ததைக் கேட்காத தமிழ்க் காது குறைவு. அவர் கையில் இருந்தது டெனரைவிடச் சிறிய ஆல்டோ. கூம்பில் வளையும் சுரத்தை உதடு சிறு வயதிலேயே பழகியிருந்தது அவருக்குப் பெரிய மூலதனம் என்று நினைக்கிறேன். மேல்நாட்டு ஆசிரியர்கள் பழைய டெனரின் குறை என்று எழுதும் அந்தத் தளர்வு, கர்நாடக சங்கீதம் வாசிக்க வருபவருக்குக் கைகொடுக்கும் குணம். எந்தக் கருவி நல்லது என்ற கேள்வியோடு எந்த இசைக்கு என்பதையும் கேட்காவிட்டால் அதற்கு விடையில்லை.

நாகஸ்வரத்திலேயே இந்தப் பழையது, புதியது மாற்றம் நடந்திருக்கிறது. முன்பு வழக்கிலிருந்தது திமிரி: குட்டையான உலவு, நான்கு, ஐந்து கட்டைச் சுருதி, தெருவெல்லாம் கேட்கும் வீச்சு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தாழ்ந்த சுருதியில் நின்று ராகம் விரிக்க விரும்பினார். நீண்ட உலவு கொண்ட பாரி நாகஸ்வரம் இரண்டு, இரண்டரைக் கட்டையில் வந்தது. நீளம் கூடியபோது துளைகளின் இடத்தை எல்லாம் புதிதாகக் கணிக்க வேண்டியிருந்தது. சுத்த மத்தியமம் பிரதி மத்தியமத்தின் பக்கம் சாய்ந்தது. வாசிப்பவர் மூச்சை அடக்கித்தான் அதை இறக்க வேண்டியிருந்தது. கும்பகோணத்துக்கு அருகே நரசிங்கம்பேட்டையில் என்.ஜி.என். ரங்கநாத ஆசாரி 1950களின் நடுவில் அதைத் தீர்த்தார். அதே சில ஆண்டுகளில்தான் பாரிஸில் மார்க் சிக்ஸும் பிறந்தது. இங்கே ஒரு கூம்பு, அங்கே ஒரு கூம்பு. இரண்டிலும் கைவினைஞர்கள் தேடியது துளையின் சரியான இடத்தை. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அங்கே பழைய மரத்துக்கு மதிப்பு இருப்பது உண்மை. இடித்த வீடுகளின் ஆச்சா உத்திரங்களைத் தேடி வாங்குகிறார்கள். இதைப் பழம்பொருள் மோகம் என்று ஒதுக்கக்கூடாது. பச்சை மரம் காயும்போது சுருங்கும். சுருங்கினால் கடைந்த கூம்பின் அளவு மாறும், வெடிக்கவும் செய்யும். பல பத்தாண்டுகள் காய்ந்த உத்திரம் அளவு மாறாமல் நிற்கும். பித்தளைக்கு இந்தத் தேவை இல்லை. அதற்கு வயது கூடினால் வருவது வேறு: எச்சிலின் ஈரம் துத்தநாகத்தை அரித்து எடுத்து, நெக்கின் உள்ளே செம்பு நிறப் புள்ளிகள் தோன்றும். அந்த இடத்தில் தகடு பொத்தலாகிக்கொண்டிருக்கிறது.

விரலுக்கு வசதியான அமைப்பில் மட்டும் தயங்காமல் புதியதின் பக்கம் நிற்கலாம். பழைய கான் போன்ற அமெரிக்கக் கருவிகளில் அடிச்சுரங்களுக்கான கீகளை இடது சுண்டுவிரல் கடினமாக அழுத்த வேண்டும். 1936-இல் செல்மர் அந்தக் கீகளின் நெம்புகோலை மறுபக்கம் மாற்றி எடையைச் சமன்செய்தது. 1940களின் பிற்பகுதியில் இரண்டு கைக்கும் உரிய துளைவரிசைகளை ஒன்றுக்கொன்று விலக்கி, மணிக்கட்டு திருகாமல் செய்தது. மார்க் சிக்ஸ் அதை முடித்துவைத்தது. இன்று உலகில் செய்யும் டெனர்கள் பெரும்பாலும் அந்த அமைப்பின் பிள்ளைகள். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பழனி கிரிவீதியில் நடந்தபடி மணிக்கணக்கில் ஊத வேண்டியவருக்கு இது சிறிய விஷயமில்லை.

கருவியைத் தாண்டி இன்னொரு கூம்பு இருக்கிறது: வாசிப்பவரின் வாயும் தொண்டையும். சிட்னியில் சென், ஸ்மித், வுல்ஃப் என்ற ஆய்வாளர்கள் மூவரும் டெனர் வாசிப்பவர்களின் வாய்க்குள் எழும் ஒத்ததிர்வை, வாசிக்கும்போதே அளந்து 2008-இல் வெளியிட்டார்கள். கருவியின் வழக்கமான எல்லைக்கு மேலுள்ள சுரங்களை எட்டும்போது, தேர்ந்தவர்கள் தங்கள் தொண்டையின் ஒத்ததிர்வை அந்தச் சுரத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். அந்தப் பழக்கம் இல்லாதவர்களால் அந்தச் சுரங்களைத் தொட முடியவில்லை. ஜாஸ் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன் பல்லாண்டு கான் டெனர் வாசித்தார். பிறகு மார்க் சிக்ஸுக்கு மாறினார். இரண்டு கால இசைத்தட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்டால், முதலில் அடையாளம் தெரிவது டெக்ஸ்டர்.

ஆகவே, ஆயக்குடியிலோ ஒட்டன்சத்திரத்திலோ ஒரு பேண்டு செட்டுக்காரர் கையில் காசோடு பழைய டெனர் பார்க்கப் போகிறார் என்றால், பெயரைவிட முதலில் காற்று ஒழுகுகிறதா என்று பார்க்கட்டும். பேடுகளின் தோல் இந்த வறண்ட வெயிலில் விறைத்துப்போகும். துளையின் விளிம்பில் மயிரிழை இடுக்கு விழும். அந்த இடுக்கு, மேல்ஸ்தாயிக்குத் தாவ நாம் திறக்கும் சிறு துளையின் வேலையைத் தானாகச் செய்துவிடும். எல்லாத் துளைகளும் மூடியிருக்க வேண்டிய அடிச்சுரம்தான் அதில் முதலில் கெடும். இருட்டறையில் குழாய்க்குள் ஒரு சிறு விளக்கை இறக்கிக் கீகளை மெதுவாக அழுத்தினால், ஒளி கசியும் இடம் தெரியும். விளக்கு இல்லாவிட்டால், கையில் இருப்பதிலேயே அறை பெரிய மவுத்பீஸை மாட்டி, அடிச்சுரத்தை மிக மெதுவாக ஊதச் சொல்லலாம். மெதுவாக ஊதும்போதே நடுக்கமில்லாமல் அது எழுந்து நின்றால், அடுத்துச் சுருதிமுத்திரையைத் தேடிப் பார்க்கலாம். தாவினாலோ கரகரத்தாலோ, முழுக்கப் பேடு மாற்றும் செலவை விலையோடு கூட்டி, அந்தத் தொகைக்குப் புதிய டெனர் எது கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுப் பேரத்தைத் தொடங்கலாம்.